ஸ்பெசிமன் பாட்டிலுக்கு 18,500 ரூபாய் போச்சு: சென்னை பயாலஜி டீச்சர்கள் கவனத்துக்கு

கோபம் அடங்கவில்லை, அப்படியே எழுதுகிறேன். பிளஸ் டூ பிராக்டிகல் நெருங்குகிறதே என்று எங்கள் பள்ளி ஆய்வகத்துக்கு 12 ஸ்பெசிமன் பாட்டில் (பாடம் நடத்த, பதப்படுத்திய உயிரினத்தைப் போட்டு வைத்த பாட்டில்) வாங்கினேன். 18,500 ரூபாய். பில் கொடுத்த பிறகுதான் நிர்வாகம் பணம் தரும் என்பதால் என் கைக்காசு. அதில் முக்கால்வாசி அழுகல்.

லேபுகளுக்குச் சாமான் சப்ளை செய்கிற கடை, இங்கே சென்னையில்தான். கல்லாவில் இருந்தவர் ஒரு பால் சுறா பாட்டிலை எடுத்து ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். தண்ணி அவ்வளவு தெளிவு, துடுப்பு ஓரம்கூடக் கிழியவில்லை. "வயித்துக்குள்ள ஊசி போட்டு ஃபார்மலின் ஏத்திட்டுத்தான் மேடம் பாட்டில்ல இறக்குவோம். பத்து வருஷம் தொடவே வேணாம்" என்றார். ஃபார்மலின் உடல் அழுகாமல் காக்கிற ரசாயனத் திரவம்; அதில் வெளியே மட்டும் ஊறவைத்தால் தோல் விறைக்கும், உள்ளே குடல் அழுகும் என்பது இந்த வேலை தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். அந்தப் பேச்சை நம்பித்தான் அங்கேயே முழுப் பணமும் ஜிபே செய்தேன்.

வந்தது வேறு சரக்கு. மூடியைச் சுற்றி வெறும் செல்லோடேப், பாதிப் பாட்டில் கசிந்து அட்டைப்பெட்டி நனைந்திருந்தது. ஃபார்மலின் என்றால் திறந்ததும் கண் எரிய வேண்டும். எரியவில்லை, குடலைப் பிரட்டுகிற நாற்றம்தான். சுறாவின் வயிறு ஊதியிருந்தது. கிளவுஸ் போட்டுத் தூக்கியதும் பிளந்துகொண்டு, கல்லீரலும் குடலும் சாம்பல் நிறக் கூழாக வழிந்தது. எந்த உறுப்பைக் காட்டிப் பாடம் நடத்துவது? நட்சத்திர மீன் பாட்டிலில் மட்டும் ஃபார்மலின் இருந்தது, அதுவும் அமிலமாகிப்போனது. நட்சத்திர மீனின் உடலில் இருக்கிற சுண்ணாம்பு கரைந்து அதன் கைகள் உதிர்கின்றன. அமிலத்தை முறிக்க போராக்ஸ் என்ற உப்பைச் சேர்க்க வேண்டும், இல்லை 70 சதவீத ஆல்கஹாலில் வைக்க வேண்டும். இதுகூடத் தெரியாதவரா ஊசி போடுகிறார்?

இதைவிடக் கொடுமை, "ஃப்ரீ" என்று ஒரு கடல் குதிரையும் உள்ளே. 2001-லேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் சேர்த்த உயிரினம் அது. விற்கவே கூடாததை ஒரு பள்ளியின் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

போன் போட்டால் முதலில் "வெயில்ல வச்சிருப்பீங்க மேடம்." அப்புறம் "முதலாளி ஊர்ல இல்ல." போட்டோ அனுப்பினேன், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. நேரில் போனால், அதே ஆள், என்னை முன்னே பின்னே பார்க்காத மாதிரி "பில் இருக்கா?" என்கிறார். பில் டெலிவரியோடு வரும் என்று சொன்னதே அவர்தான். வந்தது வெறும் எஸ்டிமேட் சீட்டு. 18,500 ரூபாய்க்கு ஒரு துண்டுச் சீட்டு! அதை வைத்து நிர்வாகத்திடம் நான் எதைக் கேட்பது?

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்துவிட்டேன்.

நீங்கள் வாங்குவதாக இருந்தால்: கடையில் காட்டுகிற பாட்டிலையே கேளுங்கள். ஜிஎஸ்டி பில் கைக்கு வராமல் பணம் அனுப்பாதீர்கள். கடல் குதிரை, பவளம், கடல் அட்டை கொடுத்தால் தொடவே தொடாதீர்கள். பால் சுறா காசிமேட்டிலேயே புதிதாகக் கிடைக்கும், 10 சதவீத ஃபார்மலின் ஏற்றி நாமே பதப்படுத்தலாம். ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள், பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள். ஏற்கனவே ஏமாந்திருந்தால் பாட்டில்களைத் தூக்கிப் போடுவதற்கு முன்னால் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.