நீளமான ஆங்கில வார்த்தையை உடைக்க அசையா, வேரும் ஒட்டுமா?

எட்டாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கு நீளமான ஆங்கில வார்த்தைகளைச் சொல்லிக்கொடுக்க இரண்டு வழிகளையும் பார்த்துவிட்டு, கடைசியில் முன்னொட்டு, வேர், பின்னொட்டு என்று பிரிக்கும் வழியையே பிடித்துக்கொண்டேன்.

அசை பிரிப்பது எளிது. ஹெ-லி-காப்-டர் என்று நாலு தட்டு தட்டினால் படித்துவிடலாம். மிசிசிப்பி மாதிரி ஊர், ஆற்றுப் பெயர்களுக்கு அதுவே போதும். ஆனால் ஹெலிகாப்டர் என்ற சொல்லில் இருப்பது சுருளைக் குறிக்கும் ஒரு கிரேக்கச் சொல்லும் இறக்கையைக் குறிக்கும், 'பி', 'டி' என்ற எழுத்துகளில் தொடங்கும் இன்னொன்றும். அசை பிரித்தால் இறக்கையின் 'பி' முன்துண்டோடு போய்விடும். வேரைப் பார்த்தவளுக்கு, டெரோடாக்டில் என்ற பறக்கும் பிராணியின் ஸ்பெல்லிங் ஏன் சத்தமில்லாத 'பி'யில் தொடங்குகிறது என்பதும் சேர்த்தே புரிந்துவிடுகிறது.

எனக்கு முடிவைத் தந்தது அழுத்தம்தான், அதாவது ஒரு வார்த்தையில் எந்த அசையை ஓங்கிச் சொல்கிறோம் என்பது. தமிழில் எல்லா அசையையும் ஏறக்குறைய ஒரே கனத்தில் சொல்லிப் பழகியவர்கள் நாம், அதே பழக்கத்தை ஆங்கிலத்துக்கும் கொண்டுபோகிறோம். அசைகளை எண்ணிவிட்டால் மட்டும் எதை அழுத்துவது என்று தெரியாது. ஃபோட்டோகிராஃபில் அழுத்தம் முதல் அசையில், ஃபோட்டோகிராஃபரில் இரண்டாவதில், ஃபோட்டோகிராஃபிக்கில் மூன்றாவதில். அழுத்தம் நகர்ந்ததும் 'ஃபோட்டோகிராஃபர்' ஏறக்குறைய 'ஃபடாக்ரஃபர்' என்று ஒலிக்கிறது, முதல் 'ஓ' மங்கிப்போகிறது. காதில் விழுந்தபடி எழுதினால் தப்பாகிவிடும், உள்ளே 'ஃபோட்டோ' இருக்கிறது என்று தெரிந்த பிள்ளை 'ஓ'வைச் சரியாகப் போட்டுவிடும். அப்புறம், 'இக்', 'ஷன்' என்று முடியும் வார்த்தைகளில் பெரும்பாலும் அதற்கு முந்தைய அசையில்தான் அழுத்தம், அதாவது பின்னொட்டைப் பார்த்தாலே இடம் தெரிந்துவிடும். பாலிடிக்ஸ், கத்தோலிக் போன்ற விலக்குகளைத் தனியாகத்தான் மனப்பாடம் செய்ய வேண்டும்.

வேர் வழியிலும் ஏமாற்று உண்டு. அங்கிள் என்ற சொல் 'யு', 'என்' என்று தொடங்குகிறது என்பதற்காக அதை எதிர்மறை முன்னொட்டு என்று பிரித்துவிட முடியாது. மதர், பட்டர் போன்றவற்றில் பிரித்துப் பயன்பெற ஒன்றுமில்லை. ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்ததில்லை, அந்த வயதில் அசையே சுலபமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆன்ட்டிடிஸ்எஸ்டாப்ளிஷ்மென்டேரியனிசம் 28 எழுத்து, 12 அசை, ஆனால் துண்டுகள் ஆறுதான்: ஆன்ட்டி, டிஸ், எஸ்டாப்ளிஷ், மென்ட், ஏரியன், இசம். ஆறையும் வைத்துப் பொருளைச் சொல்லிவிடலாம், 12 அசையை வைத்து முடியாது. துண்டு பிரித்த பிறகும் உச்சரிப்பில் சந்தேகம் வந்தால் அகராதியின் உச்சரிப்புக் குறிப்பைப் பாருங்கள், அழுத்தம் விழும் அசைக்கு முன்னால் மேலே சின்னதாக ஒரு கோடு போட்டிருப்பார்கள்.