வெற்றிடத்தையும் வாசித்த நால்வர்: ஜாய் டிவிஷனின் முதல் ஆல்பம்

இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரைச் சேர்ந்த ஜாய் டிவிஷன் ராக் இசைக்குழு 1979 ஜூன் மாதத்தில் ‘அன்நோன் பிளஷர்ஸ்’ என்ற தன் முதல் ஆல்பத்தை வெளியிட்டது. அதன் முதல் பாடலான ‘டிஸ்ஆர்டர்’ வெறும் டிரம்ஸோடு தொடங்குகிறது. அடுத்து பேஸ் கிட்டார் வந்து மெட்டைத் தன் தோளில் ஏற்றிக்கொள்கிறது. கிட்டார் அதற்குப் பிறகுதான் நுழைகிறது. மலிவான ஆம்ப்ளிஃபயரில் தன் வாசிப்பு தனக்கே கேட்காததால் மேல் சுரங்களுக்கு நகர்ந்தவர் பேஸ் கலைஞர் பீட்டர் ஹுக். அந்த நெருக்கடியில் பிறந்த பழக்கமே இக்குழுவின் அடையாளமாகிவிட்டது.

ஆனாலும் இந்த இசைத்தட்டை இன்றும் தனித்து நிறுத்துவது வாத்தியங்களுக்கு நடுவே இருக்கும் வெற்றிடம்தான் என்பேன். ஸ்டாக்போர்ட்டில் உள்ள ஸ்ட்ராபெரி ஸ்டுடியோவில் ஏப்ரல் மாதம் நடந்த ஒலிப்பதிவில், தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட், ஒரு டிரம்மின் ஓசை மற்றொன்றில் கலந்துவிடக் கூடாது என்பதற்காக ஸ்டீபன் மோரிஸை ஒவ்வொன்றையும் தனித்தனியே வாசிக்க வைத்து, பின்னர் ஒலியைச் சற்றுத் தாமதித்துத் திருப்பித் தரும் டிஜிட்டல் டிலே கருவியின் உதவியோடு அவற்றுக்கு ஒரு குளிர்ந்த, ஆளில்லாத அறையின் எதிரொலியைக் கொடுத்தார். ‘இன்சைட்’ பாடலில் குரல் தொலைவிலிருந்து வருவதுபோல் ஒலிக்க வேண்டும் என்று அதைத் தொலைபேசி இணைப்பின் வழியாகவே பதிவு செய்தார். மேடையில் தாங்கள் எழுப்பிய ஆவேசத்தை ஹானெட் அடக்கிவிட்டார் என்று ஹுக்கும் கிட்டார் கலைஞர் பெர்னார்ட் சம்னரும் அப்போது வருந்தினார்கள். அவர்களுடைய ஆதங்கம் எனக்குப் புரிகிறது. ஆயினும் அந்த ஆவேசத்தை அப்படியே பதிவு செய்திருந்தால் அக்காலத்துப் பங்க் இசைத்தட்டுகளில் இதுவும் ஒன்றாகக் கலந்துபோயிருக்கும் என்றே நினைக்கிறேன்.

‘ஷீஸ் லாஸ்ட் கன்ட்ரோல்’ பாடலை மட்டும் நின்று கேட்க வேண்டும். வேலைவாய்ப்பு அலுவலகப் பணியில் தாம் சந்தித்த, வலிப்பு நோயால் அவதியுற்ற ஓர் இளம்பெண்ணை மனத்தில் வைத்து பாடகர் இயன் கர்டிஸ் இதை எழுதினார். அவருக்கும் அதே நோய் இருப்பது 1979 தொடக்கத்தில் உறுதியாயிற்று. இயந்திரம்போல் மாறாமல் தட்டும் டிரம்ஸுக்கு மேல் அவர் குரலை உயர்த்தாமல், நடந்ததை நடந்தபடி சொல்லும் சாட்சியைப்போலப் பாடுகிறார். அந்த நிதானமே நெஞ்சைப் பிசைகிறது. 1980 மே மாதம், 23 வயதில், அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்தச் செய்தியை அறிந்தபின் இப்பாடல்களை அதிலிருந்து பிரித்துக் கேட்பது கடினம் என்றாலும், இவை முழுவதையும் ஒரு மரணத்தின் முன்னறிவிப்பாக மட்டும் படிப்பது நால்வரின் உழைப்புக்கும் செய்யும் அநீதி.

குறை இல்லாமல் இல்லை. ‘இன்டர்ஜோன்’ வேகமான பாடல்தான். ஆனால் சுற்றியுள்ள பாடல்கள் கட்டியெழுப்பிய இருளை அது சட்டென்று கலைத்துவிடுகிறது.

பீட்டர் சாவில் வடிவமைத்த கருப்பு அட்டையின் முகப்பில் குழுவின் பெயரோ ஆல்பத்தின் பெயரோ கிடையாது. 1967-இல் கேம்பிரிட்ஜில் கண்டறியப்பட்ட முதல் பல்சரின் துடிப்புகள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வெள்ளைக் கோடுகளாக அங்கே நிற்கின்றன. சுமார் 1.34 விநாடிக்கு ஒருமுறை பிசகாமல் துடிக்கும் விண்மீன் அது. மோரிஸின் டிரம்ஸுக்கு இதைவிடப் பொருத்தமான படத்தைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

சிறிய நிறுவனமான ஃபாக்டரி வெளியிட்ட இந்தப் பத்துப் பாடல்களும் 40 நிமிடங்களுக்குள் முடிந்துவிடுகின்றன. இடையில் நிறுத்தாமல், நல்ல ஹெட்போனில், இரவில் கேளுங்கள். கடைசிப் பாடலான ‘ஐ ரிமெம்பர் நத்திங்’ மிக மெதுவாக நகர்கையில் எங்கோ ஒரு கண்ணாடி நொறுங்கும். முதன்முறை கேட்டபோது எழுந்து சென்று சமையலறையைப் பார்த்துவிட்டு வந்தேன்.