ரெட் லைனில் வடக்கா, தெற்கா: சிகாகோவில் குடும்பத்தோடு ஒரு வார இறுதி

சிகாகோவில் கோடை குறுகியது. ஜூன் தொடங்கி ஆகஸ்டு முடிவதற்குள் பேஸ்பால், திறந்தவெளிக் கச்சேரி, பழைய தியேட்டர்களில் நல்ல படங்கள் என்று எல்லாம் ஒன்றாக வந்து குவியும். சனி, ஞாயிறு இரண்டே நாளில் அத்தனையையும் திணித்தால் குழந்தைகள் சிணுங்குவார்கள், பெரியவர்களுக்குக் கால் கடுக்கும். ஆகவே தேர்ந்தெடுத்துத்தான் ஆகவேண்டும்.

நகரத்தின் நெடுகே வடக்கு தெற்காக ஓடும் ரெட் லைன் ரயிலை வைத்து யோசித்தால் தேர்வு எளிது. ஆடிசன் நிறுத்தத்தில் இறங்கினால் கப்ஸ் பேஸ்பால் அணியின் ரிக்லி ஃபீல்டு. எதிர்த்திசையில் போய் சாக்ஸ்-35 நிறுத்தத்தில் இறங்கினால் நகரின் இன்னொரு பேஸ்பால் அணியான ஒயிட் சாக்ஸின் மைதானம். என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன். பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் ஊரிலிருந்து வந்த தாத்தா பாட்டியும் உடன் இருந்தால், ஆட்டத்துக்குத் தெற்கு, படத்துக்கு வடக்கு, கச்சேரிக்கு நடுவில் உள்ள மில்லேனியம் பார்க்.

முதலில் பேஸ்பால். ரிக்லி 1914இல் திறந்த மைதானம். செங்கல் சுவர் முழுக்கப் படர்ந்திருக்கும் ஐவி கொடி 1937இல் நட்டது. பந்து அந்தக் கொடிக்குள் சிக்கிக்கொண்டால் அடித்தவருக்கு இரண்டு பேஸ் (ரன் எடுக்க ஓடிக் கடக்க வேண்டிய நிலைகள்) என்று விதியே உண்டு. ஸ்கோர்போர்டில் எண்களை இன்றும் ஆட்கள் உள்ளிருந்து கையால்தான் மாற்றுகிறார்கள். 1988 வரை அங்கே விளக்குகளே கிடையாது, ஆட்டமெல்லாம் பகலில்தான். இன்றும் பகல் ஆட்டங்கள் அங்கே நிறைய. கப்ஸ் அணி 1908இல் வேர்ல்டு சீரிஸ் கோப்பை வாங்கி, அடுத்ததற்கு 2016 வரை காத்திருந்தது. மூன்று தலைமுறை ரசிகர்கள் பார்க்காமலே போய்ச் சேர்ந்த வெற்றி அது. ஒன்பது இன்னிங்ஸ் கொண்ட ஆட்டத்தில் ஏழாவது இன்னிங்ஸ் நடுவில் மைதானம் மொத்தமும் எழுந்து நின்று பாடும்போது, விளையாட்டே புரியாதவருக்கும் சிலிர்க்கும்.

இவ்வளவு இருந்தும் சின்னப் பிள்ளைகளோடு நான் அங்கே போகச் சொல்லமாட்டேன். மேல்தளத்தைத் தாங்கும் தூண்கள் சில இருக்கைகளின் பார்வையை மறைக்கும். மலிவான டிக்கெட் எது என்று தேடினால் பல நேரம் அந்த இருக்கைதான் மாட்டும். அவுட்ஃபீல்டு எனப்படும் மைதானத்தின் கடைக்கோடிப் பக்கத்துப் பெஞ்சுகளில் ஜூலை வெயில் நேராக இறங்கும். வீட்டு மனைகளுக்கு நடுவே நெருக்கிக்கொண்டு நிற்கும் மைதானம், கார் நிறுத்த இடம் அரிது. சுற்றிலும் பார்கள், கூட்டமும் அதற்கேற்ற கூட்டம்தான். டிக்கெட் விலையும் தெற்கைவிட நன்றாகவே அதிகம். இவ்வளவு செலவழித்து உட்கார்ந்த பிறகு, நான்காவது இன்னிங்ஸில் ஐந்து வயதுக் குழந்தை "போலாம்ப்பா" என்றால் மனசு வராது.

தெற்கில் உள்ள மைதானம் 1991இல் கட்டியது. பெயர் பலமுறை மாறிவிட்டது, இப்போது ரேட் ஃபீல்டு என்கிறார்கள். பார்க்க ரிக்லி மாதிரி அழகில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கீழ்த்தளத்தில் சுற்றிவரும் நடைபாதை அகலமானது. அங்கிருந்தே ஆட்டமும் தெரியும். அழும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தபடியே பார்க்கலாம். சுற்றிலும் பரந்த கார் நிறுத்துமிடங்கள். சாக்ஸ் வீரர் ஹோம்ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் மாதிரி) அடித்தால் ஸ்கோர்போர்டிலிருந்து வாணம் வெடிக்கும். 1960இல் பழைய மைதானத்தில் தொடங்கிய வழக்கம் அது. சோளத்தைக் கதிரிலிருந்து சீவி, வெண்ணெயும் சீஸும் மிளகாய்ப்பொடியும் எலுமிச்சைச் சாறும் போட்டுக் கொடுக்கும் எலோட்டே அந்த மைதானத்தின் பேர்போன தீனி. சைவக்காரர்களுக்கு ஹாட் டாக் கடைகளுக்கு நடுவே அது பெரிய ஆறுதல்.

"தோற்கிற அணியைப் பார்க்க யாராவது போவார்களா?" என்று கேட்பார்கள். 2005இல் கோப்பை வென்ற அணிதான் என்றாலும், 2024இல் இது 162 ஆட்டங்களில் 121ஐத் தோற்றது. நவீன காலத்தில் வேறு எந்த அணியும் ஒரே ஆண்டில் இத்தனை தோற்றதில்லை. ஆனால் நீங்கள் அழைத்துப்போவது பேஸ்பாலையே முதன்முறையாகப் பார்க்கும் அப்பாவையும் கேள்வி மேல் கேள்வி கேட்கும் பிள்ளையையும் என்றால், புள்ளிப்பட்டியலில் யார் எங்கே என்பது பொருட்டே அல்ல. பக்கத்து இருக்கை காலியாக இருப்பதும், நிதானமாக விளக்கிச் சொல்ல முடிவதும்தான் முக்கியம். கிரிக்கெட் தெரிந்த தாத்தாவுக்கு ஒரு மணி நேரம் போதும். ஏன் பந்து தரையில் குத்தாமல் வருகிறது, நன்றாக அடித்தும் ஏன் அவுட், மூன்று பேர் அவுட்டானதும் ஏன் பக்கம் மாறுகிறது என்று கேட்டுக் கேட்டு, அப்புறம் அவரே பேரனுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிடுவார்.

இன்னொரு நல்ல செய்தி, இது இரண்டு மைதானத்துக்கும் பொது. 2023இல் பந்து வீசும் பிட்சருக்குக் கடிகாரம் வைத்தார்கள். பேஸில் ஆள் இல்லாவிட்டால் 15 நொடிக்குள் வீசத் தொடங்கியாக வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டு சராசரியாக மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் நீண்ட ஆட்டம், அந்த ஆண்டு சுமார் 2 மணி 40 நிமிடத்துக்கு இறங்கியது. பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இந்த இருபத்து சொச்சம் நிமிடத்தின் அருமை தெரியும்.

வாழ்நாளில் ஒரே ஒரு பேஸ்பால் ஆட்டம்தான் பார்க்கப்போகிறீர்கள், பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்கள் என்றால் ரிக்லிக்கே போங்கள், அதில் தயக்கமில்லை. அது தவிர, பல வாரங்களில் ஒரு அணி ஊரில் இருந்தால் மற்றது வெளியூரில் இருக்கும். பாதி முடிவை அட்டவணையே எடுத்துவிடும்.

கச்சேரிக்கு வருவோம். இங்கே போட்டி ரவீனியாவுக்கும் மில்லேனியம் பார்க்குக்கும். ரவீனியா நகருக்கு வடக்கே ஹைலண்ட் பார்க்கில் 1904இல் தொடங்கிய இடம். 1936 முதல் சிகாகோ சிம்பொனி இசைக்குழு கோடையில் அங்கே வந்து வாசிக்கிறது. மெட்ரா என்ற புறநகர் ரயில் வாசலிலேயே நிற்கும். மரத்தடிப் புல்வெளியில் பாய் விரித்து, வீட்டிலிருந்து கொண்டுபோன புளியோதரையும் தயிர்சாதமும் சாப்பிட்டுக்கொண்டே கேட்கலாம். ஆனால் புல்வெளியில் பெரும்பாலான இடங்களிலிருந்து மேடை தெரியாது, ஒலிபெருக்கிதான் துணை. வாசிப்பவரின் விரலைப் பார்க்க ஆசைப்படும் பிள்ளைக்கு அது ஏமாற்றம். புல்வெளிக்கும் டிக்கெட் உண்டு.

மில்லேனியம் பார்க்கில் ஃபிராங்க் கேரி வடிவமைத்த பிரிட்ஸ்கர் பெவிலியன் 2004இல் வந்தது. புல்வெளிக்கு மேலே இரும்புக் குழாய்களால் ஒரு பந்தல் பின்னி, அதில் ஒலிபெருக்கிகளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். அதனால் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் அரங்குக்குள் இருப்பது போலவே ஒலி வரும், மேடையும் நேராகத் தெரியும். 1935இல் தொடங்கிய கிரான்ட் பார்க் இசைவிழா, ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்டு நடு வரை வாரம் சில மாலைகளில் அங்கே நடக்கிறது. புல்வெளியில் உட்காரக் கட்டணமே இல்லை. மிச்சிகன் அவென்யூ சைரன் சத்தம் நடுநடுவே வரும், பொறுத்துக்கொள்ளலாம். பிள்ளை பொறுமை இழந்தால் எழுந்து நடந்துவிடலாம், சில நிமிடத்தில் கிரௌன் ஃபவுன்டன் நீரூற்றில் ஆடலாம். இலவசம் என்பதால் பாதியில் கிளம்புவதில் மனவருத்தமும் இல்லை. மாற்றுத்துணி மட்டும் எடுத்துப்போங்கள்.

ஜூனில் வருகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அந்த மாதம் இதே பூங்காவில் சிகாகோ ப்ளூஸ் விழா நடக்கும், அதுவும் இலவசம். அது கிடைத்தால் மற்றதையெல்லாம் தள்ளிவையுங்கள். மிசிசிப்பியின் பருத்திக் காடுகளிலிருந்து வேலை தேடி ரயிலேறி வந்த கறுப்பின மக்கள் இந்த நகரத்தின் தெற்குப் பகுதியில் வளர்த்த இசை அது. மடி வாட்டர்ஸ் 1943இல் அப்படி வந்தவர்தான். இரைச்சலான பார்களில் மரக் கிட்டார் எடுபடாததால் மின்சாரக் கிட்டாரைக் கையில் எடுத்தார். ராக் இசையின் வேர்களில் ஒன்று அங்கே இருக்கிறது. அவர் 1983இல் மறைந்தார், அடுத்த ஆண்டு விழா தொடங்கியது. ப்ளூஸ் கிளப்புகள் பலவற்றில் இரவு நேரத்தில் 21 வயதுக்குக் கீழ் அனுமதி இல்லை. ஒரு பள்ளிப் பிள்ளை இந்த இசையை அது பிறந்த நகரத்திலேயே நேரில் கேட்க இதைவிட நல்ல வாய்ப்பு அரிது. ரவீனியாவை அடுத்த வாரம்கூடப் பார்த்துக்கொள்ளலாம்.

ஞாயிறு மதியம் படம். சவுத்போர்ட் அவென்யூவில் உள்ள மியூசிக் பாக்ஸ் தியேட்டர் 1929இல் கட்டியது. கூரையில் நட்சத்திரங்கள் மின்னும். வார இறுதிக் காட்சிகள் சிலவற்றுக்கு முன் ஆர்கன் வாசிப்பார்கள். 70 எம்எம் படங்களும் வரும். டவுன்டவுனில் உள்ள ஜீன் சிஸ்கல் ஃபிலிம் சென்டரும் தரமானதுதான், ஆனால் அது தனியாகப் போய்ப் பார்ப்பவரின் இடம். குடும்பத்துக்கு மியூசிக் பாக்ஸ்.

அங்கே பொருத்தமான படம் ஓடவில்லை என்றால் வீட்டிலேயே பாருங்கள். சின்னவர்களுக்கு 1993இல் வந்த 'ரூக்கி ஆஃப் தி இயர்', கை உடைந்து ஆறிய பிறகு அசுர வேகத்தில் பந்து வீசும் பன்னிரண்டு வயதுப் பையன் கப்ஸ் அணியில் சேரும் கதை. மூன்று தலைமுறையும் சேர்ந்து பார்க்க என்றால் 'எ லீக் ஆஃப் தெயர் ஓன்'. போர்க்காலத்தில் 1943இல் தொடங்கிய பெண்கள் பேஸ்பால் லீக் பற்றியது, சில காட்சிகள் ரிக்லியிலேயே எடுத்தவை. பதின்வயதுப் பிள்ளை இருந்தால் 'எய்ட் மென் அவுட்'. 1919இல் சூதாடிகளிடம் பணம் வாங்கி வேண்டுமென்றே தோற்றதாகக் குற்றம்சாட்டப்பட்டு, வாழ்நாள் முழுக்க விலக்கப்பட்ட எட்டு ஒயிட் சாக்ஸ் வீரர்களின் கதை அது. அவர்கள் ஆடிய காமிஸ்கி பார்க் இருந்த இடம் இன்று ரேட் ஃபீல்டின் கார் நிறுத்துமிடம். பந்தை அடிப்பவர் நிற்கும் பழைய ஹோம் பிளேட் இருந்த இடத்தில் பளிங்குக் கல் பதித்திருக்கிறார்கள். சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போகும்போதே பிள்ளைக்கு அதைக் காட்டிவிடுங்கள், படத்தை ஞாயிற்றுக்கிழமை போடுங்கள்.