ஹார்ட் லூப்புக்கு 250 ஓம்: எங்கே வைப்பது?

ஏஐ (அனலாக் இன்புட்) கார்டில் 12 மில்லிஆம்பியர் சரியாகத் தெரிகிறது. டிரான்ஸ்மிட்டரோடு (அளந்து அனுப்பும் ஃபீல்டு கருவி) அதே கம்பிகளில் டிஜிட்டலாகப் பேசும் முறைதான் ஹார்ட் (HART); அதற்கான கைக்கருவியான கம்யூனிகேட்டரை மாட்டினால் மட்டும் டிவைஸ் கிடைப்பதில்லை. உடனே டிரான்ஸ்மிட்டர்மேல் பழி போடுவார்கள். முதலில் பார்க்க வேண்டியது லூப்பில் எத்தனை ஓம் என்பதைத்தான்.

ஹார்ட் சிக்னல், 4-20 மில்லிஆம்பியரின்மேல் சவாரி செய்யும் சுமார் 1 மில்லிஆம்பியர் ஏசி (உச்சத்திலிருந்து உச்சம் வரை). 250 ஓமில் அது 250 மில்லிவோல்ட். 100 ஓம் கார்டில் வெறும் 100. மோடம் கேட்பது குறைந்தது 120. 24 வோல்ட் சப்ளையோ ஏசிக்கு ஏறக்குறைய ஷார்ட், அதன் முனைகளில் மாட்டிப் பயனில்லை. எனவே, கொஞ்சம் மார்ஜினும் சேர்த்து, லூப்பில் குறைந்தது 230 ஓம் தேவை.

நிரந்தரமாகத் தொடரில் 250 ஓம் போடுவது மலிவு, எப்போதும் வேலை செய்யும். ஆனால் வோல்டேஜைத் தின்னும். 100 ஓம் கார்டு, 250 ஓம், 1.5 சதுர மி.மீ. கேபிள் ஒரு கிலோமீட்டருக்குப் போக வர 24 ஓம்: மொத்தம் 374. 22 மில்லிஆம்பியரிலும் டிரான்ஸ்மிட்டருக்கு 15.8 வோல்ட் மிஞ்சும், கவலையில்லை. நடுவில் 340 ஓம் ஜீனர் பேரியர் (வெடிப்பு அபாயப் பகுதிக்குப் போகும் மின்சக்தியைக் கட்டுப்படுத்துவது) வந்தால் கதை மாறும். மொத்தம் 714, 10.5 வோல்ட் கேட்கும் டிரான்ஸ்மிட்டர் 18.9 மில்லிஆம்பியரில் முட்டி நிற்கும். ரீடிங் 93 சதவீதத்துக்கு மேல் ஏறாது. கீழே எல்லாம் ஒழுங்காக இருப்பதால் மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாது. ஹை ட்ரிப் (அளவு மிஞ்சினால் நிறுத்தும் பாதுகாப்பு) 95 சதவீதத்தில் இருந்தால் அது வரவே வராது.

அந்த இடத்தில் எங்கள் தேர்வு நைஃப் டெர்மினல் (கத்தி போன்ற நெம்புகோலால் திறந்து மூடும் டெர்மினல்). ரெசிஸ்டரை நைஃபுக்கு இணையாகக் கட்டுங்கள். மூடியிருந்தால் அது லூப்பில் இல்லாதது போல; திறந்தால் லூப் அறுபடாமல் 250 ஓம் உள்ளே வரும். வேலை முடிந்து மூட மறந்தால் மேலே சொன்ன அதே 93 சதவீதம்தான், டேக் தொங்கவிடுங்கள்.

புது பேனல் என்றால் ஹார்ட் கார்டோ, ஹார்ட் கடத்தும் ஐசோலேட்டரோ வாங்குவதே மேல், விலை கூடினாலும். தேவையான ஓம் பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். பழைய பழக்கத்தில் வெளியே இன்னொரு 250 சேர்க்காதீர்கள்.

கடைசியாக வாட். 22 மில்லிஆம்பியரில் 0.12 வாட்தான் என்று கால் வாட் ரெசிஸ்டர் போடுவார்கள். பேரியர் இல்லாத லூப்பில் ஃபீல்டு பக்கம் ஷார்ட் ஆனால் சுமார் 69 மில்லிஆம்பியர் பாயும், 250 ஓமில் 1.2 வாட் சூடு. 2 வாட் மெட்டல் ஃபிலிம் போடுங்கள்.