திரும்ப எழுதும் வட்டுகளில் பேக்கப்: எதை நம்பலாம்?

பேக்கப்புக்கு வட்டு வாங்கும்போது பலரும் முதலில் கேட்பது, எத்தனை ஜிபி பிடிக்கும் என்று. நான் முதலில் பார்ப்பது வேறு. எழுதியது ஒழுங்காகப் பதிந்ததா என்று டிரைவ் தானே திரும்பப் படித்துப் பார்க்குமா?

அழித்து மறுபடி எழுதக்கூடிய சிடியான சிடி-ஆர்டபிள்யூவைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். கொள்ளளவு 700 எம்பி. கோப்பை இழுத்துப் போடும் முறைக்கு ஃபார்மேட் செய்தால் அதிலும் நூறு எம்பிக்கு மேல் போய்விடும். கடிதம், கணக்கு வழக்குக்குச் சரி, புகைப்படங்களுக்குப் போதாது. ஒளியைக் குறைவாகப் பிரதிபலிப்பதால் மிகப் பழைய டிரைவ்கள் சில இதைப் படிக்காது.

அதேபோல் திரும்ப எழுதும் டிவிடியான டிவிடி-ஆர்டபிள்யூவில் மைனஸ் (-RW), பிளஸ் (+RW) என்று இரண்டு வகை உண்டு. இரண்டும் 4.7 ஜிபி. கணினி 4.38 என்று காட்டினால் பயப்பட வேண்டாம், அது கணக்கிடும் முறையில் உள்ள வித்தியாசம். இரண்டிலும் ஏறக்குறைய 1000 முறை எழுதலாம். மைனஸ் வட்டைப் பெரும்பாலும் அழித்துவிட்டுத்தான் புதிதாக எழுத வேண்டியிருக்கும். பிளஸில் பழையதன் மேலேயே எழுதலாம். வாராவாரம் பேக்கப் எடுப்பவருக்கு பிளஸ்தான் வசதி. இன்னொன்று: ‘விரைவு அழிப்பு’ பொருளடக்கத்தை மட்டும்தான் அழிக்கும், கோப்புகள் அடியில் அப்படியே கிடக்கும். வட்டை வேறொருவருக்குக் கொடுப்பதாக இருந்தால் முழு அழிப்பே செய்யுங்கள்.

ஒருமுறை ‘எழுதி முடிந்தது’ என்ற செய்தியை நம்பி வட்டை எடுத்து வைத்துவிட்டேன். சில மாதம் கழித்துப் போட்டால் கோப்புகளின் பெயர்கள் எல்லாம் வரிசையாகத் தெரிகின்றன, பாதி திறக்கவில்லை. அன்றிலிருந்து எழுதியதும் வட்டை வெளியே எடுத்து, மறுபடி போட்டு, மூலக் கோப்புகளோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே உறையில் வைக்கிறேன்.

இந்தச் சரிபார்க்கும் வேலையை டிவிடி-ராம் என்ற இன்னொரு வகை வட்டில் டிரைவ் தானாகவே செய்கிறது. எழுதிய ஒவ்வொரு பகுதியையும் திரும்பப் படித்துப் பார்க்கும். கெட்ட இடம் தென்பட்டால் அங்கே எழுத வேண்டியதை மாற்று இடத்தில் வைக்கும். அடிப்பக்கத்தைச் சாய்த்துப் பார்த்தால் குட்டிக் குட்டிக் கோடுகளாக இட அடையாளங்கள் தெரியும், அதை வைத்தே வட்டை அடையாளம் கண்டுகொள்ளலாம். ஒரு பக்கத்துக்கு 4.7 ஜிபி, ஒரு லட்சம் முறை எழுதலாம் என்பது இதன் கணக்கு. சரிபார்ப்பதால் நேரம் ஏறத்தாழ இரட்டிப்பாகும், சில டிரைவ்கள் இதை ஏற்காது. இருந்தாலும் என் ஓட்டு இதற்குத்தான்.

25 அல்லது 50 ஜிபி வேண்டுமென்றால் ப்ளூ-ரேயில் திரும்ப எழுதும் வகையான பிடி-ஆர்இ இருக்கிறது. கெட்ட இடத்துக்கு மாற்று ஒதுக்கும் வசதி இதிலும் உண்டு. ஆனால் ப்ளூ-ரே எழுதும் டிரைவ் வேண்டும்.

எந்த வகையாக இருந்தாலும் இரண்டு வட்டுகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். ஒரே வட்டை அழித்து எழுதும்போது நடுவில் மின்சாரம் போனால், பழைய பேக்கப்பும் இருக்காது, புதியதும் இருக்காது. இனி மாறவே போவதில்லை என்ற குடும்பப் படங்களை மட்டும் நான் ஒருமுறை மட்டும் எழுதும் டிவிடி-ஆர் வட்டில் தனியாகப் பதிந்து வைக்கிறேன். அதைத் தவறுதலாக அழிக்க முடியாது.