மாட்டுண்ணிக்கு வேப்பெண்ணெயா, அரைத்த மூலிகைக் கரைசலா?

சென்ற ஆண்டு ஐப்பசி மழை ஓய்ந்த கையோடு எங்கள் கலப்பின ஜெர்சிப் பசுவின் காதுமடல், அலைதாடி, மடியிடுக்கு எங்கும் உண்ணி அப்பிக்கொண்டது. சைபர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லியைத் தெளித்தோம். உதிர்ந்தவை உதிர, இருபது நாளில் மறுபடியும் ஏறிவிட்டன. ஒரே மருந்தையே அடித்துவந்தால் உண்ணி அதற்குத் தாங்கும் திறன் பெற்றுவிடும் என்றார் கால்நடை மருத்துவர். கறவை மாட்டின் மீது மேலும் நஞ்சு தெளிக்க எனக்கும் மனம் வரவில்லை. மூலிகைப் பக்கம் திரும்பியது அப்போதுதான்.

வேப்பெண்ணெயைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சோப்புக் கரைசலில் கலந்து துணியால் தடவினால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். அதிலுள்ள அசாடிராக்டின் உண்ணியை உடனே கொல்லாது. தோலுரிப்பதையும் முட்டையிடுவதையும் கெடுக்கும். வெயிலில் சீக்கிரம் சிதைந்தும் போகும். எண்ணெய்ப் பிசுக்கில் புழுதி ஒட்டுவது தனித் தொல்லை.

சீத்தாப்பழ விதைத் தூளை ஒரே முறைதான் பயன்படுத்தினேன். அதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது. ஆனால் அந்தத் தூள் கண்ணில் பட்டால் கடுமையாகப் புண்ணாக்கும். தலையை உதறும் மாட்டிடம் அந்த ஆபத்து வேண்டாமென்று விட்டுவிட்டேன். புகையிலைக் கஷாயத்தைத் தொடவே இல்லை. நிகோடின் தோல் வழியாகவே உடலில் ஏறும்.

நான் நிலைத்தது அரைத்த கரைசலில். தேசியப் பால்வள மேம்பாட்டு வாரியம் பரப்பிவரும் மரபுவழி மூலிகை முறை இது. பூண்டு 10 பல், வசம்பு 10 கிராம், மஞ்சள் தூள் 20 கிராம், வேப்பிலை, வேப்பங்கொட்டை, துளசி, உண்ணிச்செடி (லன்டானா) இலை ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடி. எல்லாவற்றையும் விழுதாக அரைத்து, 1 லிட்டர் நீரில் கரைத்து, வடிகட்டி, வெயில் ஏறியபின் மாட்டின் மீது தெளிக்க வேண்டும். வாரம் ஒரு முறை, உண்ணி அற்றுப்போகும் வரை.

அரைப்பதும் வடிகட்டுவதும் வேப்பெண்ணெயைவிட மூன்று மடங்கு வேலை. அப்படியிருந்தும் இதன் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் கட்டுத்தரைச் சுவர். இரத்தம் குடித்துப் பெருத்த பெண் உண்ணி மாட்டிலிருந்து கழன்று விழுந்து, சுவர் வெடிப்பிலும் தரைக்கல் இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுவிட்டுச் சாகும். குஞ்சுகள் சில வாரங்களில் பொரித்து மறுபடியும் மாட்டைத் தேடி ஏறும். முன்பு சைபர்மெத்ரின் தெளித்தபின் எங்கள் மாடு சுத்தமாகத்தான் இருந்தது. சுவர் சுத்தமாக இல்லை. அந்த இருபது நாள் கணக்கு அப்போதுதான் விளங்கியது. வெடிப்பு வெடிப்பாக ஊற்ற வேப்பெண்ணெய் வாங்கிக் கட்டுப்படியாகாது. கரைசலுக்கு இலையெல்லாம் வேலியோரத்திலேயே கிடைக்கிறது. வசம்பும் மஞ்சளும் பூண்டும்தான் செலவு. அதனால் மாட்டுக்கு ஒரு பங்கு, சுவருக்கு இரண்டு பங்கு என்று தாராளமாக அடிக்க முடிந்தது. ஆறாவது வாரம் மடியிடுக்கில் தேடித்தான் ஒன்றிரண்டு எடுத்தேன். அதே மாதம் வெடிப்புகளைச் சிமெண்டால் பூசவும் செய்தேன். பலனில் அதற்கும் பங்குண்டு.

உண்ணிச்செடி மாட்டின் வயிற்றுக்குள் போனால் கல்லீரலைக் கெடுக்கும். ஒன்றையொன்று நக்கும் கன்றுகளுக்கு அந்த இலையைச் சேர்ப்பதில்லை. பசுவையும் உடல் காயும்வரை தனியே கட்டிவைக்கிறேன். காய்ச்சல் கண்டாலோ, சிறுநீர் காப்பி நிறத்தில் போனாலோ அது உண்ணி பரப்பிய நோயாக இருக்கலாம். அன்றைக்கு அம்மியைத் தேடாமல் மருத்துவரை அழைக்க வேண்டும்.

அரைத்த கரைசலை மறுநாளைக்கு வைப்பதில்லை, புளித்து நாறும். மிஞ்சியதை மாலையே தீவனத்தொட்டிக்குப் பின்னாலுள்ள இடுக்கில் ஊற்றிவிடுகிறேன். சிமெண்டுக் கரண்டி எட்டாத இடம் அது ஒன்றுதான்.