ஸ்டிக்கரைக் கிழித்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்

நெல்லையப்பர் ஆனித் தேரோட்டம் முடிந்து இரண்டு வாரம் இருக்கும். 2025 ஜூலை 22 இரவு, 'பிளாக் சபாத்' என்ற இங்கிலாந்து ராக் இசைக்குழுவின் பாடகர் ஓஸி ஆஸ்போர்ன் போய்விட்டார் என்று போனில் வந்தது. 17 நாளுக்கு முன்னால்தான் பர்மிங்காம் வில்லா பார்க்கில், பார்க்கின்சன் நோயோடு, பெரிய கறுப்பு நாற்காலியில் உட்கார்ந்தபடியே பாடினார். பிளாக் சபாத்தின் பழைய நாலு பேரும் 2005-க்குப் பிறகு அன்றைக்குத்தான் ஒன்றாக மேடை ஏறினார்கள். பாளையங்கோட்டை மொட்டைமாடியில் அதைத் துண்டு துண்டாகப் பார்த்துக் கண் கலங்கியவன் நான். சாவுச் செய்தி வந்த வாரத்தில் என் புத்தி எங்கே இருந்திருக்கும்!

அந்த வாரம்தான் ஒருவர் பிளாக் சபாத்தின் 'பாரனாய்ட்' ரெக்கார்டு விற்பனைக்குப் போட்டிருந்தார். '1970 ஆல்பம், உறை புத்தம் புதுசு போல, ரூ.8,500.' லேபிள் படம் கேட்டேன். "தட்டை வெளியே எடுத்தா கைரேகை விழும் சார்" என்றார். 1970-லேயே அடித்த முதல் அச்சு என்று வாய்ப்பேச்சில் சொன்னார். இன்னும் மூன்று பேர் கேட்கிறார்களாம். சரி என்று யுபிஐயில் முழுப் பணத்தையும் போட்டுவிட்டேன்.

பார்சல் வந்தது. என் பிளேயரில் ஊசி போயிருந்ததால் டவுனில் மைக்செட் வைத்திருந்த அண்ணாச்சி வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கல்யாண வீடு, கோயில் கொடை என்று ஆயிரக்கணக்கான தட்டு ஓட்டிய கை அது. அவர் பாட்டுப் பக்கமே போகவில்லை. உறையைத் திருப்பி, பின்பக்க மூலையில் ஒட்டியிருந்த மஞ்சள் விலை ஸ்டிக்கரை நகத்தால் மெல்ல உரித்தார். அடியில் பார்கோடு.

"ஏய்யா, எழுவதுல ஏதுய்யா இந்தக் கோடு? எங்கிட்ட இருக்க தட்டு ஒண்ணுலயும் கிடையாதே" என்றார்.

உள்ளே லேபிளும் வேறு. இங்கிலாந்தில் வந்த முதல் அச்சில் வெர்டிகோ கம்பெனியின் கறுப்பு வெள்ளைச் சுழல் இருக்கும். முதல் பக்கத்தில் லேபிள் முழுக்கவே அந்தச் சுழல்தான். என்னிடம் வந்தது சமீபத்து மறு அச்சு. அதை வாங்குவது தப்பில்லை, நான் கொடுத்ததில் பாதி விலைக்கும் கீழே கிடைக்கும்.

கேட்டதற்கு ஆள் சொன்ன பதில்தான் உச்சம்: "1970 ஆல்பம்னுதானே சார் போட்டேன், 1970-ல அடிச்ச தட்டுன்னா சொன்னேன்?" முதல் அச்சு என்று வாய்ப்பேச்சில் சொன்னதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. அப்புறம் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் செய்து புகார் கொடுத்திருக்கிறேன். பணம் போன அன்றே கூப்பிட்டிருந்தால் கொஞ்சம் வாய்ப்பு உண்டு, நான் ஒன்பது நாள் கழித்துக் கூப்பிட்டேன்.

பழைய தட்டு வாங்குகிறவர்கள் கடைசிப் பாட்டுக்கும் லேபிளுக்கும் நடுவே உள்ள வெறும் வளையத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதில் கீறியிருக்கும் எண்ணை வைத்து எந்த அச்சு என்று பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். எத்தனையாவது அச்சு என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

நேற்று அதே ஆள் வேறு பெயரில் இன்னொரு ரெக்கார்டு போட்டிருக்கிறார். பின் உறையில், அதே மூலையில், அதே மஞ்சள் ஸ்டிக்கர்.